ரேகையும் எச்சிலும்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிழவர்கள் பேச்சை மழையில் ஆரம்பித்தாலும் மாட்டில் ஆரம்பித்தாலும் கடைசியில் ரேகைச் சட்டத்தில் கொண்டுவந்துதான் நிறுத்துவார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது அந்தச் சட்டம் ஒழிந்து பல வருடம் ஆகியிருந்தது. கிழவர்களுக்கு மட்டும் அது முந்தாநாள் நடந்த விஷயம்.

அரசாங்க ஏட்டில் அதன் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே பிறந்தது. 1911இல் திருத்தி மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டினார்கள். கொஞ்ச வருடத்தில் பிரமலைக் கள்ளர் ஊர்கள் அத்தனையும் அதற்குள் வந்தன. திருடியவன் திருடாதவன் என்ற பேச்சே இல்லை. இன்ன வயிற்றில் பிறந்தாயா, கொண்டா விரலை. பத்து விரலையும் மையில் ஒற்றிக் காகிதத்தில் பதிக்க வேண்டும். ராத்திரியானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். பக்கத்து ஊர் எழவுக்குப் போவதென்றாலும் ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ஊரே கூடி, ரேகை கொடுக்க மாட்டோம் என்றது. போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் ஒருத்தி. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்பார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் கோத்துத் திருமங்கலம்வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். இவர்களுக்காகக் கோர்ட்டிலும் வெளியிலும் பேசிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பைத்தான் எங்கள் ஆட்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடினார்கள்.

தனியுரிமை பற்றி அந்தச் சனத்துக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. முக்கால்வாசிப் பேருக்குக் கையெழுத்தே தெரியாது. ஆனாலும் ஒரு விஷயம் கச்சிதமாகத் தெரிந்திருந்தது: உடம்பிலிருந்து எடுத்த அடையாளத்தை ஒருத்தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால், சாவி அவனிடம்தான் இருக்கும்; அவன் மாற்றலாகிப் போனால் அடுத்தவனிடம் போகும்.

எங்கள் தாத்தா பெருங்காமநல்லூர்க்காரர்கள் மாதிரி நெஞ்சைக் காட்டவில்லை. ஓடிவிட்டார். தனுஷ்கோடியில் கப்பலேறிக் கண்டிச் சீமைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேறு பெயரில் இருந்தார். ரேகைக் கணக்குப் புத்தகத்தில் அவர் விரல் இல்லை என்பது எங்கள் குடும்பத்தின் நிரந்தரப் பெருமை. ‘பத்து விரலும் பத்திரமாத் திரும்பி வந்த ஒரே ஆளு’ என்று பெரியப்பா மீசையைத் தடவிக்கொள்வார். அப்பத்தா மட்டும் அந்தப் பெருமையில் கலந்துகொள்ள மாட்டார். கோபம் தலைக்கேறிய நாட்களில், அடுப்படியிலிருந்து, ‘விரலு பத்திரமா வந்துச்சு, சரி’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

அந்தக் காலத்தில் எல்லாரும் ரகசியம் காத்தார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்று கிடையவே கிடையாது. பெண் கேட்டு ஒரு வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் அதற்கு முன்னால் ஒரு விசாரணைக் குழு வந்துபோயிருக்கும். டீக்கடையில் ஒருத்தர், முடிவெட்டுகிற இடத்தில் ஒருத்தர், பிரசவம் பார்க்கிற மருத்துவச்சியிடம் ஒரு பெண்பிள்ளை. ‘அந்த வகையறாவுல வலிப்பு உண்டா? காது கேக்காத பிள்ளை எதுவும் உண்டா? மாமனாரு எதுல செத்தாரு? சித்தம் கலங்குன ஆளு யாரும்?’ இந்தக் காலத்து லேப்புகள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு எடுக்கிற மரபணு ஆய்வை ஒரு டம்ளர் காபியில் முடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் வட்டாரத்துக்கு அந்தத் தகவல் கிட்டங்கி அப்பத்தாதான். யார் யாருக்குப் பங்காளி, யார் மாமன் மச்சான், எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டில் வாழாமல் திரும்பியது, எல்லாம் மனப்பாடம். சந்தேகம் வந்தால் மொய் நோட்டை எடுத்துப் பார்ப்பார்கள். சிவப்பு அட்டை, நீள நோட்டு. ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கும். ஊர், பெயர், தகப்பன் பெயர், செய்முறை என்று வரிசையாக இருக்கும். குலசாமி கும்பிடுகிற கணக்கு அதற்கும் மேலே. சிவராத்திரிக்கு எந்தக் கோயிலில் பெட்டி தூக்குகிறாயோ, அந்தக் கோயில்காரன் எல்லாம் உனக்குப் பங்காளி. அங்கே பெண் எடுக்கக் கூடாது. இது முழுக்கத் தகப்பன் வழி. ஒய் குரோமோசோம் என்று விஞ்ஞானிகள் சொல்வதும் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவதுதான். எங்கள் கோயில் பூசாரி அதைப் பேர் தெரியாமலே பராமரித்துக்கொண்டிருந்தார்.

அப்பத்தாவிடம் ஒரு முறைமை இருந்தது. நோய் பற்றிக் கேட்டால் மறைக்க மாட்டார். ‘கட்டுனா பிள்ளைகளுக்கு வரும், வேண்டாம்’ என்று பட்டென்று சொல்லிவிடுவார். கேட்டவன் பகையாளியாக இருந்தாலும் சொல்வார். சொன்னால் யாருக்கும் ஒரு பைசா பிரயோசனமில்லை, ஒரு மனுசன் மானம் மட்டும் போகும் என்றால், வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொள்வார். அவரிடமிருந்து எது கசிந்தாலும் நாலைந்து ஊரைத் தாண்டாது. அவர் போனபோது பாதிக் கணக்கு அவரோடு போனது.

இனி ‘யூனிவர்சிட்டி’ கதைக்கு வருகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் உசிலம்பட்டிக்குப் போகிற பக்கம்தான். அங்கே நோய் எதிர்ப்பியல் பேராசிரியராக இருந்த பிச்சப்பன், காசநோய் யாரைத் தாக்குகிறது, யாரை விடுகிறது என்று பல வருடம் ஆராய்ந்தவர். சுற்றுவட்டார ஊர்களில் ரத்தம் சேகரித்தார்கள். போலீஸ் கேட்டுக் கொடுக்காத சனம் வாத்தியார் கேட்டதும் சட்டைக்கையை மடக்கியது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வாத்தியாருக்கு மரியாதை அதிகம்.

அந்த மாதிரிகளைத்தான் அமெரிக்க மரபியல் அறிஞர் ஸ்பென்சர் வெல்ஸ் வந்து பார்த்தார். ஜோதிமாணிக்கம் என்ற ஊரைச் சேர்ந்த ஒருவரின் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற குறி இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாகவே நடந்து ஆஸ்திரேலியாவரை போனவர்களின் வழித்தடம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அதன் கிளை இருக்கிறது. புத்தகம் 2002இல் வந்தது, படமும் வந்தது. அவ்வளவுதான், ‘முதல் இந்தியர் நம்ம ஊர்க்காரர்’ என்று டீக்கடை பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. பெயர், ஊர், சாதி, முகம் எல்லாம் உலகம் பூராவும் போனது. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும் என்பதுதான் வேடிக்கை.

ஒரு குறியை வைத்து ஒருவரை முதல் இந்தியர் என்பது பத்திரிகைக்காரர்கள் பார்த்த வேலை. ஆதியில் நடந்து வந்தவர்களின் ரத்தம் ஏதோ ஒரு வழியில் நம் எல்லாரிடமும்தான் இருக்கிறது. ஆனால் 1911ஆம் வருடச் சட்டத்தால் பரம்பரையே குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்ட சனத்துக்கு, 2002இல் பரம்பரையே முதல் வரிசை என்று ஒருத்தன் சொன்னால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ கூடுதலாகக் குடித்தவன்தான்.

2005இல் நேஷனல் ஜியோகிராஃபிக்கும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து ஜெனோகிராஃபிக் திட்டம் என்று ஆரம்பித்தபோது, இந்தியாவுக்கான மையம் மதுரையில்தான் அமைந்தது. பழங்குடிகளிடம் ஒரு பக்கம் மாதிரி சேகரிப்பு. இன்னொரு பக்கம் பணம் கட்டுகிற யாருக்கும் ஒரு கிட். 2006இல் ஐ.நா.வின் பழங்குடியினர் நிரந்தர மன்றம் இந்தத் திட்டத்தை நிறுத்திவைக்கச் சொன்னது. எடுத்துக்கொண்டு போனதை யார் ஆள்வது என்பது அவர்கள் கேள்வி. எங்கள் பெஞ்சில் அந்தக் கேள்வி எழுந்ததாக எனக்கு நினைவில்லை. 2019இல் கிட் விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். அது ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காகத் துப்புகிற காலம் அதற்குள் வந்துவிட்டது.

என் மருமகன், அக்கா மகன், நியூஜெர்சி எடிசனில் இருக்கிறான். ‘23 அண்ட் மீ’ என்ற கம்பெனியின் கிட்டைத் தள்ளுபடியில் வாங்கியிருக்கிறான். பேருக்குக் காரணம் நம் எல்லாருக்கும் இருக்கிற 23 ஜோடி குரோமோசோம். ஒரு பிளாஸ்டிக் குழாயில் கோடுவரை எச்சிலைத் துப்பி, மூடியை அமுக்கி, குலுக்கித் தபாலில் போட்டால் போதும். கொஞ்ச வாரத்தில் ஒரு ராத்திரி போன் வந்தது.

‘மாமா, நமக்குக் கனடாவுல யாரும் சொந்தக்காரங்க இருக்காங்களா?’

‘கனடாவுல எவன் இருக்கான் மாப்ள? செக்கானூரணியில இருக்கிறவனையே பாத்து ஆறு மாசமாச்சு.’

‘டொராண்டோல ஒரு பொண்ணு. கண்டிப் பக்கம் தோட்டத்துலருந்து போன குடும்பமாம். அதுக்கும் எனக்கும் ஒண்ணரை பெர்சன்ட் ஒத்துப்போகுதுன்னு ஆப் சொல்லுது. அவுங்க பூட்டன் மதுரைப் பக்கம்தானாம், மாமா.’

நான் பதில் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து வந்த அந்தப் பாதி வாக்கியத்தின் மீதி அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது. மறுநாள் காலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாத்தாவின் கண்டி வாழ்க்கை, படத்தோடு, சதவீதத்தோடு, நாற்பது பேர் பார்வைக்கு வந்துவிட்டது. அக்கா ஒரே ஒரு குரல் பதிவு போட்டார்: ‘செத்துப்போன மனுசன் மானத்த வாங்கத்தான் இம்புட்டுக் காசு குடுத்துத் துப்புனியாடா?’

டொராண்டோப் பெண்ணுக்கு இது வேறு கதை. அந்தக் குடும்பத்துக்குப் பூட்டனின் ஊர் பெயர்கூடத் தெரியாது. தெரிந்த பெயரும் அவர் போட்டுக்கொண்ட பொய்ப் பெயர். குலசாமி கோயில் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கிடைத்தது நியாயமான பாத்தியதை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மாகாண போலீஸ் இருபது வருடம் தேடியும் ஒரு விரல்கூடக் கிடைக்காத மனுசனை, அவர் முகத்தையே பார்க்காத பேத்தி மகன், தள்ளுபடி விலையில் கொண்டுபோய்ப் பதிந்துவிட்டு வந்திருக்கிறான். தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. நான் ஒரு சொட்டு எச்சில் துப்பவில்லை. என் கால்வாசிக் கணக்கு இப்போது அங்கே இருக்கிறது.

அந்தக் கணக்குக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்கிறேன். 2023இல் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். வேறு இடங்களில் களவுபோன கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்து, சுமார் 14,000 கணக்குகளைத்தான் திறந்தார்கள். ஆனால் அந்தப் பதினாலாயிரம் பேருக்கும் ‘உறவினர்’ என்று ஆப் காட்டிய பட்டியல் வழியாக, சுமார் 69 லட்சம் பேரின் விவரம் போய்விட்டது. யூத வம்சாவளியினர் இவர்கள், சீன வம்சாவளியினர் இவர்கள் என்று இனவாரியாகப் பட்டியல் போட்டு இணையத்தில் விலை கூவினார்கள். எந்தப் பரம்பரையில் பிறந்தாய் என்று தனித்தனிப் பட்டியல்! எங்கள் கிழவர்கள் இருந்திருந்தால் ‘இதுதானப்பா அது’ என்றிருப்பார்கள்.

2025 மார்ச்சில் கம்பெனி மஞ்சக் கடுதாசி கொடுத்தது. கடையை ஏலம் விட்டால் தராசு, பலகை, மூட்டை எல்லாம் ஏலத்துக்கு வரும். இந்தக் கடையில் இருந்த முக்கியச் சரக்கு சுமார் ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு விவரம். ரீஜெனரான் என்ற மருந்துக் கம்பெனி 25.6 கோடி டாலருக்குக் கேட்டது. எங்கள் மக்கள் சம்மதமில்லாமல் விற்கக் கூடாது என்று இருபத்தேழு மாநிலங்கள் வழக்குப் போட்டன. கடைசியில் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியே ஒரு லாபநோக்கற்ற அமைப்பின் பேரில் 30.5 கோடி டாலருக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். வகுத்துப் பாருங்கள்: தலைக்குச் சுமார் இருபது டாலர். வழக்கமான விலை 99 டாலர் கொடுத்துத் துப்பியவர்கள் அதில் எத்தனையோ பேர். வெள்ளைக்காரன் ரேகைக்குக் காசு கேட்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

மருமகனிடம் சொன்னேன். ‘நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே மாமா, எனக்கு மறைக்க என்ன இருக்கு?’ என்றான். 1920இல் செத்துப்போன பதினாறு பேரும் தப்புப் பண்ணாதவர்கள்தான், மாப்ள.

இன்னொன்றும் சொன்னேன். 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். சுமார் 12.8 லட்சம் பேரின் மரபணு விவரத்தை வைத்துப் பார்த்ததில், ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட சொந்தமோ அதைவிட நெருங்கிய சொந்தமோ உள்ளே கிடைக்கும். அதைப் பிடித்து ஆளைப் பிடித்துவிடலாம். அதே வருடம் கலிஃபோர்னியாவில் முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய கொலைகளுக்கு ஒரு முன்னாள் போலீஸ்காரரை அப்படித்தான் பிடித்தார்கள். அவர் எங்கேயும் துப்பவில்லை, தூரத்துச் சொந்தக்காரர்கள் துப்பியிருந்தார்கள். கொலைகாரன் அகப்பட்டது நல்லதுதான். ஆனால் அது அமெரிக்கா; கல்யாணத்துக்கு எங்கெங்கோ போகிற ஊர். அத்தை மகளும் தாய்மாமன் மகனுமாகத் தலைமுறை தலைமுறையாக நமக்குள்ளேயே கொடுத்து வாங்குகிற உசிலம்பட்டியில் வீட்டுக்கு ஒருத்தன் எதற்கு? தெருவுக்கு ஒருத்தன் துப்பினால் போதும், ஊர் முழுக்க உள்ளே வந்துவிடும்.

மதுரையில் மரபணுச் சோதனையை வேண்டாம் என்று சொல்லி நின்றவர்களும் உண்டு. நடிகர் தனுஷ் தங்கள் மகன் என்று மேலூர்ப் பக்கத் தம்பதி வழக்குப் போட்டது நினைவிருக்கும். மாதம் 65,000 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மச்சம் தழும்பெல்லாம் பார்த்தார்கள், டி.என்.ஏ. சோதனைக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. 2017 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்துசெய்தது. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பெரிய வக்கீல் வைத்துக்கொண்டு மறுக்க முடிகிற ஒன்றைத்தான் நாம் காசு கொடுத்துக் கூரியரில் அனுப்புகிறோம்.

மரபணுச் சோதனையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளுக்கு வருகிற கண் புற்றுநோய் ஒன்று இருக்கிறது, ரெட்டினோபிளாஸ்டோமா. குறைபாடு ஆர்.பி.1 என்ற மரபணுவில். மதுரை அரவிந்தின் ஆராய்ச்சி மையத்தில் அதற்குச் சோதனை செய்கிறார்கள். மூத்த பிள்ளைக்கு அந்தக் குறை பரம்பரையாக வந்ததென்று தெரிந்தால், அடுத்த பிள்ளையைப் பிறந்ததிலிருந்தே கண்காணித்துக் கண்ணையும் உயிரையும் காப்பாற்றலாம். மருத்துவர் கேட்கிறார், காரணம் சொல்கிறார், நோயைச் சொல்கிறார். அப்பத்தா இருந்திருந்தால் இதைத் தாராளமாகச் சொல்லச் சொல்லியிருப்பார். ‘உங்கள் ஆதி பூர்வீகம் அறிக’ என்று பொங்கல் தள்ளுபடியில் வருகிற விளம்பரத்துக்கு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று இருக்கிறீர்களா? டி.என்.ஏ. ஒழுங்குமுறை மசோதா நாடாளுமன்றத்தில் வந்து வந்து போய், 2023இல் திரும்பப் பெறப்பட்டது. அதே வருடம் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணு விவரத்துக்கு என்று தனி வகுப்பு எதுவும் வைக்கவில்லை; போன் நம்பருக்கு என்ன காவலோ அதுவேதான் இதற்கும். விதிகளை 2025 நவம்பரில் வெளியிட்டார்கள்; முக்கியமான கடமைகள் கம்பெனிகளின் தலையில் ஏறப் பதினெட்டு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு லேப், என் ரிப்போர்ட்டோடு முன்பின் தெரியாத ஒருவரின் சர்க்கரை அளவையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கேட்டதற்கு, ‘அழிச்சிருங்க சார்’ என்றார்கள். அதுதான் இப்போதைக்குத் தரவுப் பாதுகாப்பு.

ரேகையை எடுக்கிற வழக்கமும் ஒழிந்துவிடவில்லை. பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920இல், சில மாதம் கழித்து, கைதிகள் அடையாளச் சட்டம் வந்தது. நூறு வருடம் கழித்து 2022இல் அதை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டார்கள். முன்பு விரல், பாதம், அளவு, படம். இப்போது கருவிழி, உயிரியல் மாதிரி எல்லாமும். பதிவை வைத்திருக்கிற காலம் எழுபத்தைந்து வருடம்.

ஏற்கெனவே துப்பிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கை அழிப்பது வேறு. குளிர்பதனத்தில் இருக்கிற உங்கள் எச்சிலை அழிக்கச் சொல்வது வேறு. ஆராய்ச்சிக்கென்று ஒரு பெட்டியில் டிக் அடித்துக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது வேறு. மூன்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலே ‘23 அண்ட் மீ’ திவாலாவதற்கு இரண்டு நாள் முன்னால் தன் மாநிலத்தாருக்கு இதைத்தான் சொன்னார். இனிமேல் துப்பப்போகிறவர்கள் மூடியைத் திறக்கும் முன் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.